முதல் சஹனில் ஒரு வெள்ளைப் பெட்டி

என் மூத்த சகோதரர் ரிஃபாஸ் நானாவின் கல்யாணத்துக்கு நான் கொடுத்த அன்பளிப்பு ஓர் இணையப் படிவம். சிரிக்க வேண்டாம். ரைஸ் குக்கர் வாங்கிக் கொடுக்க ஊர் நிறைய ஆட்கள் இருந்தார்கள்; படிவம் செய்யத் தெரிந்தவள் குறிஞ்சிப்பிட்டியில் நான் ஒருத்திதான். கொழும்புக் கொம்பனி ஒன்றுக்காக வீட்டில் இருந்தபடியே இணையப் பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. எந்தப் பெட்டி எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக, என்ன நிறத்தில் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் நான்தான் முடிவு செய்வேன். உம்மாவிடம் யாராவது கேட்டால், மகள் கொம்பியூட்டருக்கு நிறம் பூசுகிறாள் என்று சொல்லிவிடுவார். அது அவ்வளவு பிழையும் இல்லை.

படிவம் எதற்கு என்றால், சஹனுக்கு. எங்கள் விருந்துகளில் ஆளுக்கொரு தட்டு வைக்கிற வழக்கம் இல்லை. பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, கோழி, இறைச்சி, கத்தரிக்காய், அச்சாறு எல்லாம் வைத்து மூடிக் கொண்டுவந்து வைப்பார்கள். அதுதான் சஹன். அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். ஐந்து பேர் சேர்ந்தால் போதாது. ஆறாவது ஆள் வரும்வரை கையைக் கழுவிவிட்டு மூடியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் எந்தக் கல்யாணத்திலும் ஒருவர் எழுந்து நின்று, இங்கே ஓர் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். போன வருடம் எங்கள் குடும்பக் கல்யாணம் ஒன்றில், ஒரு பக்கம் மூன்று மூன்று பேரோடு பதினொரு சஹன்கள் காத்திருக்க, மறுபக்கம் வாசலில் முப்பது பேர் இடம் தேடி நின்றார்கள். என் மகன் கல்யாணத்தில் இந்தக் கூத்து நடக்கக் கூடாது என்று உம்மா அன்றே சொல்லிவிட்டார்.

ஆகவே ஆண்களுக்கு நாற்பது, பெண்களுக்கு நாற்பத்தைந்து சஹன்கள். ஒவ்வொன்றிலும் ஆறு பெட்டிகள். வெறுமையாக இருக்கும் பெட்டியில் பெயரை எழுதி அனுப்பினால், பெட்டி போய்ப் பெயர் கறுப்பு எழுத்தில் நிலைத்துவிடும். இவ்வளவுதான் என் படிவம்.

இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பி அரை மணித்தியாலத்துக்குள் ஊர் தலைகீழானது. யாரோடு உட்காரப் போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிவது எல்லோருக்கும் இதுதான் முதல் தடவை. இறைச்சித் துண்டுகளை நீதமாகப் பங்குவைக்கும் ஆட்களின் சஹன்கள் உடனே நிரம்பின. சாப்பிடும்போது அரசியல் பேசுகிறவர்களின் சஹன்கள் அப்படியே கிடந்தன. உம்மாவின் தங்கை மகன் ஃபஸ்லான் மூன்று சஹன்களில் தன் பெயரை எழுதியிருந்தான். எந்தச் சஹனுக்குக் கடைசி இனிப்பான வட்டிலப்பம் முதலில் வருகிறதோ அதில் உட்காருவானாம். இரண்டை அழித்தேன். திரும்ப எழுதினான். அழைப்பெடுத்து நன்றாக ஏசிய பிறகு ஒன்பதாவது சஹனோடு அடங்கினான்.

அன்று பின்னேரம் வாப்பா என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

என் வாப்பா ஜபார் கருவாட்டு வியாபாரி. கற்பிட்டியில் யாரைக் கண்டாலும் மூன்று மணித்தியாலம் கதைப்பார். தன் சொந்த நானாவோடு மட்டும் நான்கு வருடமாக ஒரு வார்த்தை கிடையாது. அந்த நானாதான் என் பெரியவாப்பா ஹிஸ்புல்லா, வெங்காயத் தோட்டக்காரர். எங்கள் வீட்டிலிருந்து அவர் வீடு இரண்டு மைல்கூட இல்லை. சண்டைக்குக் காரணம் காணியும் இல்லை, கிணறும் இல்லை, ஒரு சஹன்தான். நான்கு வருடத்துக்கு முன் பள்ளிவாசல் கந்தூரி விருந்தில் பெரியவாப்பா தம்பிக்கு இடம் பிடித்து வைத்து, கை கழுவி, இன்னும் நான்கு பேரோடு காத்திருந்தார். வாப்பாவைச் சிலாபத்து முதலாளி ஒருவர் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் சஹனில் உட்காரவைத்துவிட்டார். வாப்பா அங்கேயே சாப்பிட்டார். பெரியவாப்பா ஆறிய சோற்றைப் பார்த்தபடி இருந்துவிட்டு, சாப்பிடாமலே எழுந்து போனார். வாப்பா மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெட்கம் முதலில் தடுத்தது, பிறகு வருடங்கள் தடுத்தன.

இந்தக் கல்யாணத்துக்கு உம்மாவும் ரிஃபாஸ் நானாவும் நேரில் போய் அழைத்திருந்தார்கள். பெரியவாப்பா தேநீர் கொடுத்து, அழைப்பிதழை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்து, பார்ப்போம் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"மகள், மொதலாவது சஹன்ல, மொதல் பெட்டில, நானாட பேர எழுது," என்றார் வாப்பா. "வேற ஆரும் அதுல எழுத ஏலாத மாதிரிப் பூட்டிரு."

அவர் வருவதாக இன்னும் சொல்லவில்லையே என்றேன்.

"வந்தாலும் வராட்டியும் அந்த எடம் அவருட."

அந்தச் சஹனில் வாப்பா, மாப்பிள்ளை, மணமகள் மபாஸாவின் வாப்பா, பள்ளிவாசல் மௌலவி, என் மாமா என்று ஐந்து பேர் ஏற்கெனவே கறுப்பு எழுத்தில் இருந்தார்கள். பெரியவாப்பா இன்னும் சம்மதிக்காததால் அவருடைய பெயரை மட்டும் பெட்டிக்குள்ளேயே எழுதி, பெட்டியைப் பூட்டினேன். எங்கள் தொழிலில் அப்படி ஒரு வசதி உண்டு. பெட்டி தெரியும், உள்ளே இருப்பதும் தெரியும். தொட்டால் மட்டும் ஒன்றும் நடக்காது. உறுதியாகாத பெயர் என்று காட்ட எழுத்துக்கு மெல்லிய சாம்பல் நிறம் கொடுத்தேன். பார்க்க அவ்வளவு நாசூக்காக இருந்தது. என் வேலையை நானே இரண்டு தடவை எட்ட நின்று பார்த்தேன்.

என்னோடு வேலை செய்யும் டிலக்சன் என்ற புத்தளத்துப் பொடியன், பூட்டிய பெட்டியை ஒரே ஒரு ஃபோனில் மட்டும் பார்த்து நம்பாதே, ஒவ்வொரு பிரவுசரும் அதைத் தன் இஷ்டத்துக்குக் காட்டும் என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்வான். அன்றும் சொன்னான். இது வங்கிப் படிவம் இல்லை, கல்யாணப் படிவம் என்று அவன் வாயை அடைத்தேன்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. புதன் காலையில் பெரியவாப்பாவின் மகள் ஹஃபீலா அழைத்தாள். எங்கள் வாப்பாமார் கதைக்காத நான்கு வருடமும் நாங்கள் இரண்டு பேரும் கதைத்துத்தான் அந்தக் குறையை ஈடுசெய்துகொண்டிருந்தோம். அன்று அவள் குரலே சரியில்லை.

"அஸ்மி, நீ செஞ்சது சரியா? அஞ்சு பேருட பேரு கறுப்பா இரிக்கி. மேல ஒரு பெட்டி மட்டும் வெறுசா இரிக்கி. வாப்பா தட்டித் தட்டிப் பாத்தாரு, எழுத ஏலாது. தம்பி எடத்தக் காட்டிட்டுக் கதவ சாத்தியிரிக்கான் எண்டு சொல்றாரு. கல்யாணத்துக்கு வர மாட்டாராம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொல்லு, பெயர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று கத்தினேன். என் மடிகணினியில் பார்த்தேன். இருந்தது. வாப்பாவின் ஃபோனைப் பறித்துப் பார்த்தேன். இருந்தது. ஆதாரம் அனுப்பு என்றேன். ஹஃபீலா தன் வாப்பாவின் ஃபோன் திரையைப் படமெடுத்து அனுப்பினாள். கீழே ஐந்து பெயர்கள் கறுப்பாக, பளிச்சென்று. முதல் பெட்டி வெள்ளை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, மூக்கு திரையில் முட்டும் அளவுக்குப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சோக்கால் எழுதியது போல, எழுத்துகளின் ஓரம் இருந்தும் இல்லாமலும் தெரிந்தது.

பெரியவாப்பாவிடம் இருப்பது கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய ஃபோன். வீட்டில் அதன் பெயரே கட்டார் ஃபோன். அதில் உள்ள பிரவுசர், பூட்டிய பெட்டி எதைக் கண்டாலும் தானாகவே அதை ஒரு படி மங்க வைத்துவிடும். பூட்டியிருக்கிறது என்று பார்ப்பவருக்கு விளங்கட்டும் என்பது அதன் நல்ல எண்ணம். நானோ ஏற்கெனவே மங்கலாக எழுதியிருந்தேன். மங்கலுக்கு மேல் மங்கல் விழுந்து பெயர் கரைந்துவிட்டது. ஃபோனில் ஒரு பிழையும் இல்லை. பார்க்காமல் விட்டவள் நான். கோபம் போன வழியே வெட்கம் வந்தது.

வாப்பாவிடம் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டாந்தரமும் அவரக் காக்க வெச்சிட்டன்," என்றார். அவ்வளவு சின்னக் குரலில் வாப்பா பேசி நான் கேட்டதில்லை.

திருத்துவது ஒரு நிமிட வேலை. பெட்டியை நீயாக மங்க வைக்காதே என்று ஒரு வரி, எழுத்தின் நிறம் இதுதான் என்று அந்தப் பிரவுசருக்கு விளங்கும் பாஷையில் இன்னொரு வரி, பின்னணிக்கு ஒரு வரி. அவ்வளவுதான். எந்த ஃபோனில் பார்த்தாலும் ஒரே மாதிரித் தெரியும். மூன்றையும் எழுதிவிட்டேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலும் போய்விட்டது.

"அனுப்பாத," என்றாள் ஹஃபீலா. அவள் இன்னும் ஃபோனில்தான் இருந்தாள். "நீ இப்ப மாத்தினா, தான் கோவிச்ச பொறகு எழுதினது எண்டு சொல்லுவாரு. சாகிற வரைக்கும் சொல்லுவாரு. என்ட வாப்பாவ எனக்குத் தெரியும்."

அவள் சொன்னது சரி. பிழையைக் கண்டுபிடித்த பிறகும் திருத்தாமல் இருப்பது எங்கள் தொழில் செய்கிறவர்களுக்குப் பெரிய தண்டனை. சட்டியில் கறி தீய்வது தெரிந்தும் அடுப்பை அணைக்காமல் நிற்க வேண்டும். விரலை எடுத்தேன்.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் புறப்பட்டேன். வாப்பா தானும் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றால், யார் முதலில் ஸலாம் சொல்வது என்று முடிவாகவே லுஹர் தொழுகை நேரம் ஆகிவிடும்.

பெரியவாப்பா தோட்டத்தில் நின்றார். பிடுங்கிய வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். என் ஸலாத்துக்குப் பதில் சொன்னார், உம்மாவின் சுகம் விசாரித்தார், ஆனால் முகத்தைத் தூக்கவில்லை. படிவத்தைப் பற்றிப் பேச வாயெடுத்ததும் குனிந்து அடுத்த பிடியைக் கட்டத் தொடங்கினார்.

"பாத்தாச்சி மகள். ஒரு தரம் பாத்தா விளங்காத மனிசனா நான்?"

எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். இதே இடத்தில்தான் என்றார், இந்தக் கட்டுகளுக்கு நடுவில் நின்று. முகத்துக்கு நேரே சூரியன், காலடியில் வெள்ளை மணல். அந்த வெளிச்சத்தில் கறுப்பு எழுத்தைப் படிப்பதே பெரும்பாடு.

"பெரியவாப்பா, நான் இன்னும் ஒண்டும் மாத்தல்ல. அல்லாஹ்வுக்காக, ஃபோன எடுத்துக்கிட்டு கொட்டிலுக்குள்ள வாங்க. உள்ள வந்தும் தெரியாட்டி நான் போயிர்றன்."

அல்லாஹ்வின் பெயரைச் சொன்னதால் வந்தார். வெங்காயக் கொட்டில் கிடுகால் அடைத்தது. உள்ளே கூரை வளைகளில் வெங்காயப் பிடிகள் தொங்கின; கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. ஹஃபீலா ஓடி வந்து கதவைச் சாத்தினாள். நான் கட்டார் ஃபோனின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, முதல் பெட்டியைத் திரை நிறையப் பெரிதாக்கி, அவர் கையில் கொடுத்தேன். பெயரை நானாக வாசித்துக் காட்டவில்லை. அந்தப் படத்தில் எனக்குத் தெரிந்தது இளம் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுமோ என்று அப்போதுதான் பயம் வந்தது.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ஃபோனைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், கொஞ்சம் சரித்தார்.

"ஹிஸ்புல்லா," என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். "ஹிஸ்புல்லா நானா எண்டு எழுதியிரிக்கி."

வாப்பா சொன்னபடியே எழுதியது என்றேன். நானா என்ற சொல்லையும் சேர்த்துத்தான் அவர் சொன்னார்.

பெரியவாப்பா விரலால் பெட்டியை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். அது திறக்கவில்லை.

"அப்ப ஏன் பூட்டின?"

"வேற ஆரும் அந்த எடத்துல இரிந்திரக் கூடாது எண்டு. வாப்பாதான் பூட்டச் சொன்ன. நீங்க வராட்டியும் அந்த எடம் ஒங்கடதாம்."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. இருட்டு. வெங்காயக் கொட்டிலில் கண்ணைத் துடைத்தால் யாரும் காரணம் கேட்கவும் மாட்டார்கள். வெளியே வந்தபோது பழைய கண்டிப்பு முகத்தில் திரும்பியிருந்தது. இரண்டு பிடி வெங்காயத்தை என் ஸ்கூட்டரில் தொங்கவிட்டு, இனி கறுப்பாக்கு என்றார். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே, நேற்று எழுதிவைத்த மூன்று வரிகளில் நிறத்தை மட்டும் கறுப்பாக்கி என் ஃபோனிலிருந்து அனுப்பினேன். கட்டார் ஃபோனில் அவர் பெயர் பளிச்சென்று வந்தது. வருவீர்களா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது, ஆனால் வெங்காயத்தைத் தந்துவிட்டாரே.

அன்று முதல் சனிக்கிழமை வரை எங்கள் வீட்டுப் படி ஏறிய யாரையும் நான் விடவில்லை. பந்தல் போட வந்தவர், சமையற்காரர், வளையல் கொண்டுவந்த பெண் என்று எல்லோருடைய ஃபோனையும் வாங்கிப் படிவத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். டிலக்சனிடமும் நடந்ததைச் சொன்னேன். அவன் வெறுமனே சிரித்தான். அது ஏசுவதைவிட மோசம்.

ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்குச் சஹன்கள் வந்தன. பட்டியலோடு பந்தல் வாசலில் நின்றவள் நான். ஆண்கள் பக்கத்தில் முப்பத்தொன்பது சஹன்களிலும் ஆறு ஆறு பேர், ஒரு கூச்சல் இல்லை, ஒருவரும் இடம் தேடி நிற்கவில்லை. உம்மா பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கிப் பார்த்து என்னை நோக்கித் தலையாட்டினார். என் வாழ்நாளில் கிடைத்த பெரிய சம்பள உயர்வு அதுதான்.

முதல் சஹனில் மட்டும் ஐந்து பேர்.

மூடியைத் திறக்க வாப்பா விடவில்லை. பந்தல் முழுக்கச் சாப்பிடும் சத்தம். மௌலவி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மாப்பிள்ளை என்னை முறைத்தார், இதெல்லாம் என் படிவத்தின் வேலை என்பது போல. பத்து நிமிடம் போனது. இருபது போனது. வட்டிலப்பம் வரை முடித்துவிட்ட ஃபஸ்லான் ஒன்பதாவது சஹனிலிருந்து எழுந்து வந்து, ஆறாவது ஆளாகத் தான் உட்காரட்டுமா என்று பணிவாகக் கேட்டான்.

"அது பூட்டின எடம்," என்றார் வாப்பா.

ஹஃபீலாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் பெண்கள் பக்கத்தில் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தன் வாப்பா பதினொரு மணிக்கே குளித்து, அத்தர் பூசி, புதுச் சாரமும் சட்டையும் உடுத்திவிட்டார் என்றும், வீட்டில் மணிக்கூட்டைப் பார்த்தபடி கதிரையில் இருக்கிறார் என்றும், ஃபோனில் கேட்டால் இன்னும் நேரமிருக்கிறது என்கிறார் என்றும் பதில் வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரிப்பை அடக்கப் பட்டியலால் வாயை மூடினேன்.

ஒரு மணி தாண்டி ஐந்து நிமிடத்துக்குப் பெரியவாப்பா பந்தலுக்குள் வந்தார். அவசரமே இல்லை. வழியில் நாலு பேரிடம் ஸலாம் சொன்னார். ஆற அமரக் கை கழுவினார். முதல் சஹனுக்கு வந்து, வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் உட்கார்ந்து, மூடிக்கு மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"சோறு ஆறிட்டா, ஜபார்?"

வாப்பா நிமிர்ந்து பார்த்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து தன் பெயரைக் கேட்கிறார்.

"ஓம் நானா. நல்லா ஆறிட்டு."

"அண்டைக்கும் இப்பிடித்தான் ஆறின," என்று சொல்லிப் பெரியவாப்பா தன் கையாலேயே மூடியைத் திறந்தார்.

முதலில் வாப்பா சிரித்தார். சிரிப்பு அப்படியே போய் அழுகையில் முடிந்தது. பெரியவாப்பா பெரிய இறைச்சித் துண்டொன்றை எடுத்துத் தம்பியின் பக்கம் வைத்தார். மௌலவி சத்தமாக பிஸ்மி சொன்னார். அந்த ஆறிய சோற்றை வாப்பா சாப்பிட்டது போல ஒருவர் சாப்பிட்டு நான் இதுவரை பார்த்ததில்லை.